சந்தனம் வைத்த பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓர் ஆயுத பூஜை நாளில், மதுரை திருநகரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஸ்டோர் ரூமில் நடந்த சம்பவம் இது. நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். சர்வர் என்பது வேறொன்றுமில்லை, ராப்பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். பிறகு குழந்தை பிறந்தது, மாமனார் படுத்த படுக்கையானார். அவரைப் பார்த்துக்கொள்வதிலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதிலும் எட்டு வருடம் போன இடம் தெரியவில்லை. மாமனார் காலமான பிறகு மறுபடி வேலை தேட ஆரம்பித்தேன். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி, இந்த எட்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று. உள்ளதைச் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், "கூப்பிடுறோம்" என்பார்கள், கூப்பிட மாட்டார்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி ஒத்துக்கொண்டது. அவர்களுடைய தகவல்களுக்கு வேறு ஊரில் ஒரு நகல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பழைய சர்வர்களை என் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நான் வைத்து ஓட்டிக்காட்ட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: முப்பது நாள், ஒரு தடவைகூட நிற்காமல் ஓட வேண்டும். ஓடிவிட்டால் வேலை நிரந்தரம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். நின்றுவிட்டால் மெஷின்கள் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போய்விடும், நான் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விடுவேன்.

மெஷின் வந்து இறங்கியதும்தான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். தரையில் வைத்தால் தூசி, எறும்பு. மேஜையில் வைத்தால் மேஜை அழுகிறது. இதற்கென்று ரேக் இருக்கிறது. இரண்டு பக்கமும் துளை போட்ட இரும்புக் கால்கள் நிற்கும், மெஷின்களை அதில் அடுக்கு அடுக்காக மாட்டிக்கொள்ளலாம். புது ரேக்கின் விலையை இணையத்தில் பார்த்தேன், பார்த்த வேகத்தில் மூடினேன். பழைய சாமான் விற்கிற இடங்களில் இரண்டு நாள் அலைந்தேன். ஒரே ஒரு ரேக் கிடைத்தது. அது எங்கள் ஸ்டோர் ரூம் வாசலைவிட ஒரு சாண் உயரம்.

"கேட்டு, கிரில்லு செய்றவருகிட்ட சொன்னா ரேக்கு செய்ய மாட்டாரா? எல்லாம் இரும்புதானே" என்றார் என் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எல்லாப் பிரச்சினைக்கும் எளிமையான தீர்வு வைத்திருப்பார். இந்தத் தடவை அது சரியாகவும் இருந்தது.

திருமங்கலம் ரோட்டில் ஒரு கிரில் பட்டறை உண்டு. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு எல்லாம் அடிப்பார்கள். அதன் முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன், யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. நான் வரைந்த ரேக் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்து சர்வரின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளின் துளைகளுக்கு இடையே டேப் பிடித்து, ஒவ்வொரு அளவையும் இஞ்சிலும், இஞ்சில் எட்டில் ஒரு பங்கான நூல் கணக்கிலும் ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார்.

நான்கே நாளில் ஆறடி உயரத்தில் ரேக் வந்தது. கறுப்பு பெயின்ட், முன்னால் கதவு, பின்னால் சின்னச் சின்ன ஓட்டை போட்ட தகடு, மேலே நான்கு போல்ட்டில் உட்காரும் மூடி. சர்வரை ஏற்றி ஸ்க்ரூவைப் போட்டால் அரை நூல் பிசகவில்லை. மூடியில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வட்டமாக வெட்டியும் வைத்திருந்தார். ஃபேனையும் தானே மாட்டிவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. "அது எங்க டிபார்ட்மென்ட் அண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு டிபார்ட்மென்ட்.

மூடியைத் தரையில் போட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இரண்டு ஃபேனையும் நானே மாட்டினேன். சூடான காற்றை உள்ளேயிருந்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. காற்று எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஃபேனின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அம்பு மேலே பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். பட்டறைக்காரரும் என் கணவரும் மூடியைத் தூக்கி ரேக்கின் தலையில் வைத்து போல்ட்டை முறுக்கினார்கள். சுவிட்சைப் போட்டேன். ரேக் முழுக்க விர்ரென்று இரைந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, மாவு மில் எதுவும் வைத்திருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு இரண்டு சர்வரும் நின்றன. உள்ளே சூடு நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால் அவை தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். மதுரை வெயிலை யார் தப்பு சொல்வது? கோயம்புத்தூரில் என் வேலையைக் கவனிக்கிற அதிகாரி ரொம்ப மென்மையான மனிதர். கோபப்படவில்லை. "காரணம் என்னன்னு எழுதி அனுப்புங்க, முதல் நாள்லேர்ந்து திரும்ப எண்ணுவோம்" என்றார்.

காரணம்? ரேக்கைச் சுற்றி வந்தேன். பின்பக்கத் தகட்டின் ஓட்டைகள் கண்ணில் பட்டன. இம்புட்டு சின்ன ஓட்டையில் காற்று எப்படிப் போகும்? நான் கேட்டது கம்பி வலை, அவர் போட்டது ஓட்டைத் தகடு. காரணம் கிடைத்துவிட்டது. "ரேக் செய்தவரின் தவறு" என்று மெயில் எழுதினேன். பட்டறைக்குப் போன் போட்டேன். அவர் அன்றைக்கே வந்து தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, வலையைப் போட்டுவிட்டுப் போனார். கூலி கேட்கவில்லை.

இதற்கிடையில் என் கணவர் ஒரு நாள் ஸ்டூலில் ஏறி மூடிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். "ஏம்மா, மேல காத்தே வரலையே" என்றார். சூடான காற்று மெதுவாகத்தான் வரும், உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் அவரை இறக்கிவிட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது. அதே மதியம், அதே நாற்பத்திரண்டு. இந்தத் தடவை அதிகாரியின் குரலில் மென்மை மட்டும் இருந்தது, நம்பிக்கை இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றும், அப்போதும் நின்றால் மெஷின்களைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடும்படியும் சொன்னார். போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுவதற்குப் பதில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறையில் கேட் விலை பேச வந்த ஒரு பெரியவர், வேலை செய்கிற இரண்டு பேர், கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி, இத்தனை பேர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. "உங்க வேலையால என் வேலை போகப்போகுது. கேட்டும் கிரில்லும் அடிக்கிற ஆளுககிட்ட இதக் குடுத்தேன் பாருங்க, என்னயச் சொல்லணும்" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மறுபடி வந்து பாக்குறேன்க்கா" என்று மட்டும் சொன்னார். கேட் வாங்க வந்த பெரியவர் மெதுவாகக் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஒரு வியாபாரம் என்னால் போனது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் நிற்கவில்லை, வந்து பார்க்கிறேன் என்றவரை வரச் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து, ரேக் செய்தவரின் வேலை தரமில்லை என்று இரண்டாவது மெயிலையும் தட்டிவிட்டேன்.

மூன்றாவது ஓட்டத்தின் பன்னிரண்டாம் நாள் ஆயுத பூஜை வந்தது.

இந்தத் தடவை நான் மெஷினை நம்பவில்லை. தினமும் பதினோரு மணியிலிருந்து ஐந்து மணி வரை ரேக் கதவைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேனை முன்னால் ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். காய் நறுக்குவது, பட்டாணி உரிப்பது எல்லாம் அங்கேதான். திரையில் சூட்டின் எண் தெரியும். முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று ஊசலாடும். என் உயிரும் கூடவே ஊசலாடும்.

ஆயுத பூஜை அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் ஒரு சின்னப் பூஜை போட்ட பிறகுதான் கையில் எடுப்போம். என் கணவர் காலையிலேயே புத்தகங்கள், அரிவாள்மனை, கத்திரிக்கோல், என்னுடைய டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிவிட்டார். அடுத்து ஸ்டோர் ரூமுக்கு வந்து, இதை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில், ரேக்கின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டை மட்டும் வைத்துவிட்டு வெளியேறினார்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். கரண்ட் டிம்மாகி, டேபிள் ஃபேன் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எண் முப்பத்தொன்பதில் நின்றது. அப்போது வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் பட்டறைக்காரர், வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு, கையில் ஒரு பை.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் பையிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அந்த வருடம் வேலை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பூஜை முடிந்ததும் பொரி கொடுப்பது அவர் பட்டறையின் பழக்கமாம். நான் வாங்கத் தயங்கினேன்.

"கோவம் வேற, பொரி வேற. வாங்கிக்கங்கக்கா" என்றார்.

வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, இந்த வருடம் செய்த சாமான்களில் குறை என்று பேர் வாங்கியது இது ஒன்றுதான், இதற்கு ஒரு சாம்பிராணி போட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். பட்டறையில் நின்று கத்தியவளிடம் இவ்வளவு பணிவாகக் கேட்டால் என்ன சொல்ல முடியும்? உள்ளே கூப்பிட்டேன்.

ரேக் இரைந்துகொண்டிருந்தது. "ஓடிக்கிட்டு இருக்குற மெஷினுக்கு நான் இப்பத்தான்க்கா பூஜை போடுறேன்" என்று சிரித்தார். பூஜை அறையில் புகைந்துகொண்டிருந்த கப் சாம்பிராணியை என் கணவர் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டறைக்காரர் அதை ரேக்கின் முன்னால் காட்டினார். புகை சர்வருக்குள் போனது, பின்னால் வந்தது. இது சரிதான், சர்வர்கள் அப்படித்தான் காற்றை இழுத்து விடும். அடுத்து ஸ்டூலில் ஏறி, மூடிக்கு மேலே தட்டைப் பிடித்தார்.

புகை மேலே போகவில்லை. சடாரென்று வளைந்து, இரண்டு ஃபேனுக்குள்ளும் கயிறு மாதிரி இறங்கியது. கீழே கதவு வழியாக என் முகத்துக்கு நேரே வந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். என் கணவருக்குப் புரியவில்லை. பட்டறைக்காரர் தட்டை விலக்கினார், மறுபடி காட்டினார். மறுபடியும் புகை கீழேதான் இறங்கியது. "காத்து மாறி அடிக்குது போலக்கா" என்றார், குரலை இறக்கி.

அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். ஃபேனின் ஓரத்தில் அம்பு, தலைகீழாக, கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்குத் தரையில் மூடியை நான் கவிழ்த்துப் போட்டிருந்தேன். கவிழ்ந்த மூடியில் அம்பு மேலே பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினேன். அப்புறம் அவர்கள் மூடியை நிமிர்த்தி வைத்தார்கள், அம்பும் கூடவே திரும்பிக்கொண்டது. ரவிக்கைத் துணியை உள்பக்கம் வெளிப்பக்கம் பார்க்காமல் வெட்டினால்கூட அப்போதே தெரிந்துவிடும். நான் ஒரு மாதமாக, வெளியே போக வேண்டிய சூட்டை மேலிருந்து அழுத்தி உள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். அதுவும் என் டிபார்ட்மென்ட் என்று சொல்லி.

முகம் சுட்டது. பட்டறைக்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஃபேன் சுவிட்சை அணைத்தேன். எண் நாற்பதுக்கு வந்துவிட்டிருந்தது. ஃபேன் நின்றதும் எண் ஏறும் வேகம் குறைந்தது, ஆனால் ஏறுவது நிற்கவில்லை. மூடியைத் தூக்கித் திருப்பிப் போட்டால்தான் ஆகும். அதற்கு நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும்.

நான் ஓடிப்போய் சாமி முன்னாலிருந்து என் டூல் பாக்ஸைத் தூக்கினேன். என் கணவர் "ஏம்மா, ஏம்மா" என்று பின்னாலேயே வந்தார். சாமி கோவித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பெட்டிக்குள் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, கட்டிங் பிளேயர் இருந்தது, ஸ்பேனர் இல்லை. பிளேயரைப் போட்டுத் திருகப் போனேன். பட்டறைக்காரர் என் கையைத் தடுக்காத குறையாக, "வேணாங்க்கா, போல்ட்டுத் தல உருண்டுருச்சுன்னா அப்புறம் கட்டரப் போட்டு அறுக்கணும்" என்றார்.

என் கணவர் ஸ்பேனர் வாங்கக் கிளம்பினார். ஹார்டுவேர் கடை பூட்டு. பக்கத்துத் தெரு பைக் மெக்கானிக், சைக்கிள் கடைக்காரர், ஆட்டோ வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர், எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். ஸ்பேனர் இல்லாத வீடே இல்லை. ஆனால் எல்லாமே சந்தனம் வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தன. "நாளைக்குக் காலையில வாங்க சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று எல்லாரும் அன்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து, கையில் நான்கு பொட்டலம் பொரியோடு வந்து நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எண் நாற்பத்தொன்று.

பட்டறைக்காரர் திரையைப் பார்த்தார். "இது எம்புட்டுக்குப் போனா நிக்கும்?"

"நாப்பத்திரண்டு."

"நின்னா?"

"வேல போயிரும்ண்ணே. அவ்வளவுதான்."

அவர் ஒரு நிமிடம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்பேர்ப்பட்ட பக்திமான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தீட்டு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வெல்டிங் ராடைத் தொட மாட்டாராம். ஆயுத பூஜைக்கு வைத்த கருவியை மறுநாளுக்கு முன்னால் எடுத்தது அந்தப் பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து கிடையாதாம். "விசிறிகிட்டே இருங்கக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று காலண்டர் அட்டையாலும் முறத்தாலும் சர்வருக்கு விசிறினோம். மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அப்படி விசிறியிருக்க மாட்டார்கள். எண் நாற்பத்தொன்றிலேயே நின்றது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழன்றுவிடும் போலிருந்தது. நிறுத்தினால் ஏறிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

பைக் வந்தது. அவர் உள்ளே ஓடிவந்து மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அதன் இரண்டு முனையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், ஒரு முனையில் சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

நான்கு போல்ட். ஒவ்வொன்றும் கழல்வது எனக்கு ஒரு யுகமாக இருந்தது. மூடியைத் தூக்கியதும் சோற்று அண்டாவைத் திறந்ததுபோல் குப்பென்று சூடு மேலே வந்தது. மூடியை அப்படியே கவிழ்த்து வைத்தோம். அம்பு மேலே பார்த்தது. நான் பார்த்தேன், என் கணவர் பார்த்தார், பட்டறைக்காரர் தடவியே பார்த்துவிட்டார். சுவிட்சைப் போட்டேன். அவர் மிச்சமிருந்த சாம்பிராணியை ரேக்கின் பின்பக்கம் காட்டினார். புகை விறுவிறுவென்று ஏறி, மூடி வழியாகக் கிளம்பி, கூரையில் முட்டிப் பரவியது. ஒரு வாத்தியார், ஒரு பட்டறை முதலாளி, ஒரு எஞ்சினியர், மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம்.

நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. அரை மணி நேரத்தில் முப்பத்திரண்டுக்கு வந்து நின்றது. அந்த ரேக்கில் அந்த எண்ணை நான் மதிய நேரத்தில் பார்த்ததே கிடையாது.

காபி குடித்துக்கொண்டே அவர் தானாகச் சொன்னார், ஸ்பேனரை எடுத்தபோது மனைவி பிடித்துத் திட்டியதாக. "வீட்டுல வைஞ்சுக்கிட்டு இருக்காங்கக்கா. திரும்பக் கொண்டுபோயி அங்கனயே வச்சுட்டு, சாமிகிட்ட ஒரு சாரி கேட்டுக்கிறேன்" என்று சிரித்தார். நான் அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சரியாக வரவில்லை. என் வீட்டு ஸ்டோர் ரூமில் மூன்று பேருக்கு நடுவில் கேட்டால் போதாது என்று தோன்றியது. கத்தியது அங்கே இல்லையே.

அன்று சாயங்காலமே கம்பெனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். நின்றது நின்றுவிட்டது, இப்போது ஓடுகிறது, எதற்கு வலிய வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஃபேனைத் தலைகீழாக மாட்டுகிற ஒருத்தியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? பன்னிரண்டு நாள் ஓடியாகிவிட்டது, இனி நிற்கப் போவதும் இல்லை, அவர்கள் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் கம்பெனியின் பதிவில் இரண்டு இடத்தில் ஒரு நல்ல வேலைக்காரரின் வேலை தரமில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். அவர் அதைப் படிக்கவே போவதில்லை. அதனால்தான் அது என்னை உறுத்தியது. முதல் இரண்டு தடவையும் நின்றதற்குக் காரணம் நான், ரேக்கில் குறை ஒன்றுமில்லை, குறையைக் கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் அதைச் செய்தவரே என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே பட்டறைக்குப் போனேன். மறுபூஜை முடிந்து எல்லாரும் கூடி நின்றிருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள், பட்டறைக்காரரின் மனைவி இருந்தார். நல்லவேளையாக, கேட் விலை கேட்ட அதே பெரியவரும் இருந்தார், குடையோடு. அன்றைக்கு எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது என்று, அண்ணன் வேலையில் அரை நூல்கூடப் பிசகு கிடையாது என்று. அவர் கூச்சத்தில் நெளிந்து, "விடுங்கக்கா, விடுங்கக்கா" என்று ஒரு கம்பியைத் தேவையில்லாமல் நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து, "இதுக்குத்தான் நேத்து சாமி முன்னாடி இருந்து திருடன் மாதிரி தூக்கிட்டு ஓடுச்சா இந்த மனுசன்? சொல்லிட்டு எடுத்தா நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்" என்று சிரித்துவிட்டார். பெரியவர் அன்றே கேட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

கம்பெனியிலிருந்து பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. அந்த இரண்டு நாள் நான் சாப்பிட்டேனா இல்லையா என்று நினைவில்லை. ஒரே வரி: "குறித்துக்கொண்டோம், நாள் எண்ணிக்கை தொடர்கிறது." ஆயுத பூஜையிலிருந்து பதினெட்டு நாள் கழித்து முப்பது முடிந்தது. வேலை நிரந்தரமானபோது அந்த அதிகாரி போன் செய்தார். காரணம் எழுதச் சொன்னால் எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டித்தான் எழுதுவார்கள், தன்னைக் கைகாட்டி எழுதிய மெயில் இதுதான் முதல் என்றார். முதல் இரண்டு மெயிலையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் நினைவுபடுத்தவில்லை.

இப்போது எனக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். எதுவும் பழுதானால் முதலில் நான் செய்ததைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கேட்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாளில் நான் கற்றுக்கொண்டது அது மட்டுமில்லை. அன்றைக்குத் திருநகரில் நல்லவர்கள் எல்லாரும் "நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னார்கள், அவர்கள் மேல் தப்பே கிடையாது. நான் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திய ஒருவரும் அதையே சொல்லியிருக்கலாம், சொல்லிவிட்டு நிம்மதியாகப் பொரி கொடுக்கப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டதால்தான் இன்றைக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேன், யாராவது அவசரமென்று என் வாசலில் வந்து நிற்கும்போது எனக்கும் "நாளைக்கு" என்று சொல்ல வாய் வருவதில்லை.